501-வது யூனிட்டின் விலை 243 ரூபாய்!

அணையில் அடிக் கணக்கு. வீட்டில் யூனிட் கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். அங்கே அடுத்தடுத்து இரண்டு அணைகள். ஒன்றின் பெயர் பெரியாறு அணை. மற்றொன்று கோவிலாறு அணை. இந்த இரண்டும் இருக்கும் இடம்தான் பிளவக்கல்.

இந்தப் பெரியாறு வேறு. முல்லைப் பெரியாறு வேறு. இது விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்பை அடுத்த கூமாபட்டிப் பக்கம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மக்கள் விடுமுறை நாளில் குடும்பத்தோடு போய்வரும் இடம்.

மழைக் காலம் வந்துவிட்டால் இந்த வட்டாரத்தில் ஒரே பேச்சுதான்.

"அணையில் எத்தனை அடி?"

பெரியாறு அணை சுமார் 47 அடி கொள்ளும். கோவிலாறு அணை சுமார் 42 அடி கொள்ளும். அதுவரை தண்ணீர் அணைக்குள் அடங்கிக் கிடக்கும். அதற்கு மேல் வரும் தண்ணீர் நிற்காது; வெளியே பாய்ந்துவிடும். அதனால்தான் விவசாயிகள் அடிக் கணக்கை அவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள்.

வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அது வாசல் சுவரில் ஒரு சிறிய பெட்டிக்குள் ஓடுகிறது. அதுதான் மின்சார மீட்டர்.

அந்த மீட்டரிலும் ஒரு எல்லைக் கோடு உண்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட் என்பது அந்தக் கோடு. 2024 ஜூலை விலைப்படி 500 யூனிட் செலவழித்த வீட்டுக்குக் கட்டணம் 1,805 ரூபாய். 501 யூனிட் செலவழித்த வீட்டுக்கோ 2,048 ரூபாய் 40 காசு!

அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு!

இது எப்படி? இந்தக் கோட்டை யார் போட்டார்கள்? முன்பெல்லாம் விலை என்னவாக இருந்தது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யூனிட் என்றால் என்ன?

அரிசியைப் படியால் அளக்கிறோம். துணியை மீட்டரால் அளக்கிறோம். மின்சாரத்தை யூனிட்டால் அளக்கிறோம்.

ஆயிரம் வாட் சாமானை ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட் செலவாகும். துணி தேய்க்கும் பெட்டி பெரும்பாலும் ஆயிரம் வாட். ஆகவே ஒரு மணி நேரம் தேய்த்தால் ஒரு யூனிட் போகும்.

பழைய 60 வாட் குண்டு பல்பு ஒரு யூனிட்டில் சுமார் 16 மணி நேரம் எரியும். இப்போதுள்ள 9 வாட் எல்.ஈ.டி. பல்பு அதே ஒரு யூனிட்டில் 111 மணி நேரம் எரியும். அதாவது நான்கு நாள், இரவும் பகலும் அணைக்காமல் எரியும்!

75 வாட் மின்விசிறி தினம் பத்து மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட் ஆகும். குளிர்சாதனப் பெட்டி நாளுக்கு ஒரு யூனிட் என்று வைத்தால், இரண்டு மாதத்தில் 60 யூனிட்.

இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

மலையிலிருந்து வந்த வெளிச்சம்

சென்னையில் 1895-ம் ஆண்டிலேயே மின்சார டிராம் வண்டி ஓடியது. ஆனால் தெற்குச் சீமைக்கு மின்சாரம் வர நெடுநாள் ஆயிற்று.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் வேலை செய்யத் தொடங்கியது. மேட்டூரில் 1937-ல் மின்சாரம் பிறந்தது. தென் மாவட்டங்களுக்கு வழி பிறந்தது 1944-ல். அந்த ஆண்டில்தான் தாமிரபரணி ஆற்றில் பாபநாசம் மின் நிலையம் ஓடத் தொடங்கியது.

மலையிலிருந்து விழும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் சுற்றினால் மின்சாரம் பிறக்கும். தண்ணீருக்கு விலை இல்லை. அதனால் அந்த நாளில் மின்சாரம் உண்டாக்கும் செலவு குறைவு. ஆனால் அது எல்லா வீட்டுக்கும் எட்டவில்லை. மில்லுக்குப் போயிற்று, பெரிய வீடுகளுக்குப் போயிற்று. குடிசையில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது.

1957-ம் ஆண்டு முக்கியமான ஆண்டு. ஏப்ரல் முதல் தேதி அணா போய், ரூபாய்க்கு நூறு காசு என்ற புதுக் கணக்கு வந்தது. ஜூலை முதல் தேதி மின்சார வாரியம் பிறந்தது. அப்போது ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்தவர் விருதுநகரில் பிறந்த காமராஜர்.

அதற்குப் பிறகு கம்பங்கள் வயல் வரப்புகளில் நடக்கத் தொடங்கின. கிராமம் கிராமமாகக் கம்பி போயிற்று. கிணற்று மேட்டில் கமலை இறைத்த இடத்தில் பம்பு செட்டு வந்தது.

வெளிச்சம் வந்தது. அதோடு பில்லும் வந்தது!

ஒரு காசுக்காக ஒரு போராட்டம்

இன்று கீழே கிடக்கும் ஒரு காசைக் குனிந்து எடுக்க ஆள் இல்லை. ஆனால் அந்த ஒரு காசுக்காகத் தமிழ்நாட்டு விவசாயிகள் தெருவில் இறங்கிய காலம் உண்டு.

1970-ல் பம்பு செட்டு மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு 8 காசிலிருந்து 10 காசாக உயர்ந்தது. கோவை வட்டாரத்து விவசாயிகள் பொங்கி எழுந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக நின்றவர் நாராயணசாமி நாயுடு. போராட்டத்துக்குப் பிறகு ஒரு காசு குறைந்தது.

1972-ல் விலை மறுபடியும் ஏறியது. அப்போது விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கட்டிக்கொண்டு கோவை நகருக்குள் புகுந்தார்கள். தெருவெல்லாம் வண்டிகள்! நகரமே நின்றுபோயிற்று.

அந்தப் போராட்டங்களின் பலன் பின்னால் வந்தது. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. 1990-ல் கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமாயிற்று.

மின்சார விலை என்பது வெறும் கணக்குப் புத்தகத்து விஷயம் அல்ல என்பதை அரசாங்கங்கள் அன்றே தெரிந்துகொண்டன. அது ஓட்டுப் பெட்டியையும் தொடும்.

75 காசுக் காலம்

வீட்டுக்கு வருவோம்.

1999-ல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்ற அமைப்பு தமிழ்நாட்டில் ஏற்பட்டது. வாரியம் தன் வரவு செலவைக் காட்டி விலை கேட்க வேண்டும். மக்கள் தங்கள் குறையைச் சொல்லலாம். இரண்டையும் கேட்டு ஆணையம் விலையை முடிவு செய்யும். இதுதான் ஏற்பாடு.

2012-க்கு முன்பு வீடுகளுக்கு இருந்த விலை இது: இரண்டு மாதத்தில் முதல் 50 யூனிட்டுக்கு, யூனிட் 75 காசு. அடுத்த 50-க்கு 85 காசு. 101 முதல் 200 வரை ஒன்றரை ரூபாய். 201 முதல் 600 வரை 2 ரூபாய் 20 காசு.

அதாவது 200 யூனிட் செலவழித்த குடும்பம் 230 ரூபாய் கட்டியது. 600 யூனிட் செலவழித்த குடும்பம் 1,110 ரூபாய் கட்டியது.

இந்த இரண்டு தொகையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இதற்கிடையில் வீடுகள் மாறின. 2006 முதல் அரசாங்கம் இலவசக் கலர் டி.வி. கொடுத்தது. 2011 முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வேலை குறைந்தது. பெண்களின் கையும் இடுப்பும் ஓய்வு கண்டன. அது பெரிய விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு சாமான் வந்தபோதும் மீட்டர் கொஞ்சம் வேகமாக ஓடியது.

மின்சாரம் போதவில்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. வாரியமோ கடனில் மூழ்கிக் கொண்டிருந்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் விலை ஏறியது. மக்கள் முணுமுணுத்தார்கள். சில நாளில் அரசாங்கம் கொஞ்சம் குறைத்தது. கடைசியில் 100 யூனிட்டுக்குள் செலவழிப்பவருக்கு யூனிட் ஒரு ரூபாய் என்றும், 200 யூனிட்டுக்குள் செலவழிப்பவருக்கு ஒன்றரை ரூபாய் என்றும் ஆயிற்று.

இங்கேதான் ஒரு புது ஏற்பாடு புகுந்தது. அதைக் கவனிக்க வேண்டும்.

முன்பு 101-வது யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் விலை. முதல் 100 யூனிட்டின் விலை மாறாது. 2012-க்குப் பிறகு அப்படி இல்லை. 100 யூனிட் செலவழித்தால் 100 ரூபாய். 101 ஆகிவிட்டால் அத்தனை யூனிட்டுக்கும் ஒன்றரை ரூபாய். மொத்தம் 151 ரூபாய் 50 காசு! நிலைக் கட்டணம் தனி.

கோடு பிறந்த கதை இதுதான். ஒரு கோட்டைத் தாண்டினால், தாண்டிய பிறகு எரித்ததற்கு மட்டும் அல்ல, முன்பு எரித்ததற்கும் சேர்த்து விலை ஏறும்.

நூறு யூனிட் இலவசம்

2016 மே 23. அன்று ஜெயலலிதா மீண்டும் முதலமைச்சராகப் பதவி ஏற்றார். அன்றே கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்று, எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது.

குடிசைக்கும் 100. மாடி வீட்டுக்கும் 100.

ஒரு மின்விசிறி, மூன்று விளக்கு, ஒரு டி.வி. என்று சிக்கனமாக இருக்கும் வீட்டில் பில்லே வராது. 200 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு நிலைக் கட்டணம் சேர்த்து 170 ரூபாய்தான் வந்தது. 2012-க்கு முன்பு கட்டிய 230 ரூபாயைவிட இது குறைவு!

ஆனால் கோடுகள் அப்படியே இருந்தன. அதிலும் 500 யூனிட் கோடு மிகவும் பொல்லாதது. 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,786 ரூபாய் 60 காசு. ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய் 60 காசு! ஒரு மூட்டை அரிசியில் பாதி அந்த ஒரு யூனிட்டில் போயிற்று.

ஆறு ஆண்டுக்கு மேல் இந்த நிலை நீடித்தது.

2022-ல் வந்த திருப்பம்

2021-ல் மின்வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டி நின்றது. மறு ஆண்டு வாரியம் விலை உயர்வு கேட்டு ஆணையத்தின் முன் சென்றது.

2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது. விருதுநகர் மாவட்டத்து மக்கள் பேச வேண்டுமானால் போக வேண்டிய இடம் மதுரை. விலை உயர்வு வேண்டாம் என்றே பெரும்பாலோர் கூறினர்.

ஆனாலும் செப்டம்பர் 10 முதல் விலை ஏறியது.

200 யூனிட் வீட்டுக்கு 170 ரூபாய் 225 ரூபாயாயிற்று. 300 யூனிட் வீட்டுக்கு 530 ரூபாய் 675 ரூபாயாயிற்று. 500 யூனிட் வீட்டுக்குத்தான் பலத்த அடி. 1,130 ரூபாய் ஒரேயடியாக 1,725 ரூபாயாயிற்று!

சில நன்மைகளும் இருந்தன. 100 யூனிட் இலவசம் தொடர்ந்தது. வீடுகளுக்கு நிலைக் கட்டணம் ஒழிந்தது. நடுவில் இருந்த கோடுகளும் அழிந்தன. 500 என்ற கோடு ஒன்றுதான் மிஞ்சியது. அதைத் தாண்டும் தண்டனையும் முன்னைவிடக் குறைந்தது.

அந்த உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையிலும், விலைவாசி ஏறுவதற்கு ஏற்ப மின்சார விலையும் ஏறலாம் என்றது உத்தரவு.

2023 ஜூலையில் உயர்வு நூற்றுக்கு 2.18. வீடுகளின் பங்கை அரசாங்கமே ஏற்றது. 2024 ஜூலையில் நூற்றுக்கு 4.83. அது வீடுகளின் பில்லில் வந்தது. 2025 ஜூலையில் நூற்றுக்கு 3.16. வீடுகளின் பங்கை மறுபடியும் அரசாங்கம் ஏற்றது.

ஆகவே 2025 ஜூலைக்குப் பின்னும் வீடுகள் கட்டியது 2024-ம் ஆண்டு விலைதான். 100 வரை இலவசம். 101 முதல் 200 வரை 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு.

500-ஐத் தாண்டிய வீட்டுக்கு, 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கும் 2 ரூபாய் 35 காசுச் சலுகை போய்விடும். அங்கேயும் 4 ரூபாய் 70 காசுதான். அதனால்தான் 501-வது யூனிட்டுக்கு அதன் விலை 8 ரூபாய் 40 காசோடு, இழந்த சலுகை 235 ரூபாயும் சேர்ந்து 243 ரூபாய் 40 காசு ஆகிறது.

முன்னே மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன இரண்டு தொகையை இப்போது எடுங்கள்.

200 யூனிட் குடும்பம் 2012-க்கு முன்பு கட்டியது 230 ரூபாய். 2024 விலையில் 235 ரூபாய். பன்னிரண்டு ஆண்டில் ஏறியது ஐந்தே ரூபாய்!

600 யூனிட் குடும்பம் அப்போது கட்டியது 1,110 ரூபாய். 2024 விலையில் 2,880 ரூபாய். இரண்டரை மடங்குக்கு மேல்!

"மின்சார விலை ஏறிவிட்டது" என்று ஒருவர் சொல்கிறார். "எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று இன்னொருவர் சொல்கிறார். இருவர் சொல்வதும் உண்மைதான். அவரவர் வீட்டு மீட்டர் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒரே கம்பி, பல விலை

பிளவக்கலிலிருந்து ராஜபாளையம் வரை கம்பத்தைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

கம்பி முதலில் தென்னந்தோப்புக்குள் நுழைகிறது. கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிறது. அதற்கு விலை இல்லை.

பிறகு தறி ஓடும் ஊர்களுக்குப் போகிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்தில் 750 யூனிட் இலவசமாக இருந்தது. 2023-ல் அது 1,000 யூனிட் ஆயிற்று. கைத்தறி நெசவாளருக்கு 200 யூனிட் 300 ஆயிற்று.

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை. கடைக்கு இலவச யூனிட் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே விலை. ராஜபாளையத்து நூற்பாலைக்கு வேறு விலை.

கம்பி ஒன்று. அதில் ஓடும் மின்சாரமும் ஒன்று. விலை மட்டும் இடத்துக்கு இடம் வேறு!

மீதியை யார் கட்டுகிறார்கள்?

இலவசம் என்றால் செலவு இல்லை என்று பொருள் அல்ல. யாரோ ஒருவர் கட்டுகிறார் என்றுதான் பொருள்.

இன்று தமிழ்நாட்டின் மின்சாரம் மலைத் தண்ணீரிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒடிசா மாநிலத்துச் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரி, ரயிலில் துறைமுகம் வந்து, கப்பலேறித் தூத்துக்குடி வருகிறது. அங்கே 1979 முதல் அனல் மின் நிலையம் இருக்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, கூடங்குளத்து அணு உலை, முப்பந்தல் காற்றாலை, கமுதி சூரிய ஒளி நிலையம் என்று பல வழிகளில் மின்சாரம் வருகிறது. போதாததை வெளியில் விலைக்கு வாங்குகிறார்கள்.

தேவை அப்படி. 2024 மே 2-ம் தேதி கடும் வெயில். அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம் அது!

கரிக்குப் பணம். கம்பிக்குப் பணம். ஊழியருக்குச் சம்பளம். வாங்கிய கடனுக்கு வட்டி. இத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு யூனிட்டின் அடக்க விலை. வீடு கொடுப்பது போக மீதியை அரசாங்கம் வாரியத்துக்குக் கொடுக்கிறது. அரசாங்கத்தின் பணம் மக்கள் கொடுக்கும் வரிதான். அதுவும் போதாதபோது வாரியம் கடன் வாங்குகிறது. அந்தக் கடனுக்கு வட்டி ஏறி, அது மறுபடியும் விலைக்குள் வந்து நிற்கிறது.

அக்கரையில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். இலங்கை 2022-ல் பெரும் பண நெருக்கடியில் சிக்கியது. அந்த ஆகஸ்டில் மின்சார விலை சராசரியாக நூற்றுக்கு 75 உயர்ந்தது. 2023 பிப்ரவரியில் மேலும் நூற்றுக்கு 66 உயர்ந்தது. ஆறே மாதத்தில் இரண்டு அடி! பல ஆண்டு ஏறாமல் நின்ற விலை, ஒரு நாள் ஒரேயடியாக ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

அண்டை மாநிலமான கர்நாடகத்திலோ 2023 முதல் மாதம் 200 யூனிட் வரை இலவசம். ஒவ்வொரு அரசாங்கமும் ஒவ்வொரு இடத்தில் கோடு போடுகிறது.

மூன்று தம்பிகள், ஒரு மீட்டர்

கோடு போட்டவர்களின் எண்ணம் நல்லதுதான். குறைவாகச் செலவழிப்பவர் ஏழை; அதிகமாகச் செலவழிப்பவர் வசதியானவர். ஏழைக்குக் குறைந்த விலை, வசதி உள்ளவருக்குக் கூடுதல் விலை. இதுதான் அந்த எண்ணம்.

ஆனால் மீட்டர் தலையை எண்ணாது. யூனிட்டைத்தான் எண்ணும்.

ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் தம்பி மூன்று பேர், மனைவி மக்களோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். கூடவே வயதான தாயார். ஒரே உலை, ஒரே மீட்டர். குடும்பத்துக்கு 200 யூனிட் வீதம் இரண்டு மாதத்தில் 600 யூனிட் ஆகிறது. 2024 விலையில் கட்டணம் 2,880 ரூபாய்.

அந்த மூவரும் பிரிந்து மூன்று வீட்டில் இருந்தால்? ஒவ்வொரு வீட்டுக்கும் 235 ரூபாய். மூன்றுக்கும் சேர்த்து 705 ரூபாய்!

எரித்த மின்சாரம் ஒன்றே. ஒன்றாக இருந்ததற்கு விலை 2,175 ரூபாய்.

"அப்படியானால் மூன்று மீட்டர் வாங்கிவிடலாமே" என்று தோன்றும். நினைத்தவுடன் முடியாது. தனியாகப் பிரிந்த குடித்தனமாக இருந்தால்தான் தனி மீட்டர் கிடைக்கும். ஒரே அடுப்பில் சோறு வடிக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது.

கூட்டுக் குடும்பத்தைப் புகழ்ந்து பேசாத மேடை இல்லை. ஆனால் மின்சாரக் கணக்கில் அந்தக் குடும்பம்தான் வசதியான குடும்பம் என்று எழுதப்படுகிறது. தலைக்கு இத்தனை என்று பார்க்காமல் மீட்டருக்கு இத்தனை என்று பார்ப்பதால் வந்த வினை இது. அடுத்த முறை ஆணையம் மக்களின் கருத்தைக் கேட்கும்போது, இந்தக் குடும்பங்களின் குரலும் அங்கே கேட்க வேண்டும்.

வெள்ளை அட்டையைப் பாருங்கள்

கோட்டை மாற்றுவது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. கோட்டைத் தாண்டாமல் இருப்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது.

மீட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டை தொங்கும். கணக்கெடுக்க வருபவர் அதில் தேதியையும் யூனிட்டையும் எழுதுவார். பல வீடுகளில் அந்த அட்டையை யாரும் படிப்பதில்லை. பில் கட்டும் அன்றுதான் தேடுவார்கள்.

கணக்கெடுத்து 40 நாள் ஆனதும் அதை எடுங்கள். மீட்டரில் இன்று உள்ள எண்ணிலிருந்து அட்டையில் உள்ள கடைசி எண்ணைக் கழியுங்கள். வருவதுதான் இதுவரை ஆன செலவு.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே இதைச் செய்துவிடலாம். ஒரு வீட்டில் இப்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்பத்தா! நாற்பது நாளில் 340 யூனிட் ஆகியிருக்கிறது."

"அது கூடவா, குறைவா?"

"நாளுக்கு எட்டரை யூனிட். இப்படியே போனால் அறுபது நாளில் 510 ஆகும், அப்பத்தா."

"பத்துதானே கூடுகிறது? போகட்டும்."

"பத்து இல்லை. பில் 1,805 ரூபாய்க்குப் பதில் 2,124 ரூபாய் வரும். 319 ரூபாய் கூட!"

அப்பத்தா உடனே எழுந்து, ஆள் இல்லாத அறையில் சுற்றிய மின்விசிறியை நிறுத்திவிடுவார்!

அதுவே போதும். மீதி 20 நாளில் 10 யூனிட் குறைக்க வேண்டும். நாளுக்கு அரை யூனிட். பழைய மின்விசிறி ஒன்றை ஏழு மணி நேரம் நிறுத்தினால் அரை யூனிட் மிச்சம்.

பழைய மின்விசிறிக்குப் பதில் 30 வாட்டில் சுற்றும் புதுவகை மின்விசிறி மாட்டினால், ஒவ்வொன்றிலும் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட் மிச்சமாகும். குண்டு பல்பு எங்காவது மீதி இருந்தால் எடுத்துவிட வேண்டும்.

ஏ.சி. வாங்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 2024 விலையில் 208 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு 272 ரூபாய் 60 காசு பில். அங்கே ஏ.சி. வந்து இரவுக்கு 8 யூனிட் தின்றால், இரண்டு மாதத்தில் 688 யூனிட் ஆகும். பில் 3,711 ரூபாய் 60 காசு! கடைக்காரர் ஏ.சி.யின் விலையைத்தான் சொல்வார். இந்த விலையை வீட்டு மீட்டர்தான் சொல்லும்.

மழை பெய்வது நம் கையில் இல்லை. ஆனாலும் பிளவக்கல் விவசாயி தினமும் அணையின் அடிக் கணக்கைக் கேட்கிறார். எத்தனை அடி என்று தெரிந்தால்தான் எத்தனை வயல் நடலாம் என்று தெரியும்.

வீட்டிலும் அப்படித்தான். இன்று மாலை விளக்கு ஏற்றும்போது, அந்த வெள்ளை அட்டையை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்!